எரிமலை இல்லை என்று எழுதிய வாரம்

பத்திரிகை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். "சேலம் ஜில்லாவில் எரிமலை கிளம்பியதாக உங்கள் பத்திரிகை எழுதியதாமே?" எழுதவில்லை. எரிமலை இல்லை என்றுதான் எழுதினோம். ஆனால் அந்தச் செய்தியில் எரிமலை இரண்டாம் பத்தியில்தான் வந்தது. முதல் பத்தி ஒரு கிணற்றைப் பற்றியது. ஏன் அப்படி என்று பலமுறை வாயால் சொல்லிச் சலித்துவிட்டது. டெலிபோனிலேயே செய்தி வாங்கிவிடும் இந்தக் காலத்தில் அது எடுபடவும் இல்லை. எழுதி வைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். சேலம் அம்மாபேட்டையில் ஒரு வாரப் பத்திரிகை. இரு பக்கமும் தறி வீடுகள், நடுவில் எங்கள் அச்சகம். முதலில் அச்சுக் கோத்தேன். பிறகு பிழை திருத்தினேன், சந்தை நிலவரம் எழுதினேன். அதன்பின் வெளியூருக்கு அனுப்பினார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

ஆசிரியர் பெயர் குழந்தைவேலு. நெசவுக் குடும்பம். அச்சடித்த தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, புடவையில் இழை அறுந்த இடத்தைத் தேடுவது போல விரலை ஓட்டுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. திட்டும்போது இன்னும் தணியும். வெளியே போய் வந்தவன் எழுதுவதற்கு முன் அவர் எதிரில் நின்று நடந்ததை வாயால் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "பெரிய கூட்டம்" என்று சொன்னால் ஒரு விரல் உயரும். "பெரிசுன்னா? மாரியம்மன் பண்டிகைக் கூட்டமா, எழவு வீட்டுக் கூட்டமா?" தீப்பிடித்த இடத்துக்குப் போய் வந்தால், "மோந்து பாத்தியா?" என்பார்.

அதற்குப் பிறகுதான் காகிதம் கிடைக்கும். மூன்று துண்டு தருவார். ஒன்றில் கண்டது, ஒன்றில் கேட்டது, ஒன்றில் தெரியாதது. மூன்றாவது துண்டு வெறுமையாக இருந்தால் செய்தி திரும்பி வந்துவிடும். "எல்லாமே தெரிஞ்சு போச்சுன்னா நீ அந்த ஊருக்குப் போகவே இல்லைன்னு அர்த்தம்" என்பார். இன்னொரு விதியும் உண்டு. கண்டது என்று எழுதும் எதையும் இரண்டு வேளையில் கண்டிருக்க வேண்டும். காலையில் பார்த்திருந்தால் மாலையில் ஒருமுறை. இதை அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் கேலி செய்வோம். எரிந்து முடிந்த வைக்கோற்போரை மாலையில் போய்ப் பார்த்து யாருக்கு என்ன லாபம்?

ஒரு மார்கழியில், திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு கரடு விடியற்காலையில் புகைகிறது என்று செய்தி வந்தது. கரடு என்பது எங்கள் பக்கத்தில் மொட்டைப் பாறை மலைக்குப் பெயர். அடிவாரத்து ஊரில் சனங்கள் ஆடுமாடுகளை உறவினர் ஊர்களுக்கு ஓட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார்கள். ஊரின் பெயரை இப்போதும் எழுதப்போவதில்லை. அங்கே நிலம் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நல்ல வேளையாக, சேலத்துக்கு வெளியே வெள்ளைக்கல் வெட்டும் குன்றுகளை ஆராய, கல்லூரியில் நிலவியல் சொல்லித்தரும் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். ஆசிரியர் அவரைக் கேட்டுக்கொண்டார். பேராசிரியர் மறுநாள் விடியலில் நேரே கரட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நான் முதல் நாளே போனேன்.

ஊருக்குள் நுழைந்ததும் நான் கவனித்தது சத்தம் இல்லாததை. கட்டுத்தறிகள் இருந்தன, மாடுகள் இல்லை. சில வீடுகளில் கதவு சாத்தியிருந்தது, வாசலில் நாய் மட்டும் படுத்திருந்தது. நான் போக வேண்டிய வீடு செங்கோடக் கவுண்டருடையது. கரட்டை ஒட்டிய கடைசித் தோட்டம். அங்கே மட்டும் மாடுகள் நின்றன. அவர் மனைவி பாவாயி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மலை வெடிக்கறதப் பாக்க வந்தீங்களா சாமி? வாங்க, ஊட்டுக்குள்ள வந்து காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் பாக்கலாம். மலை எங்கயும் ஓடாது. ஓடறது நாங்கதான்."

கவுண்டருக்கு மலையைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்குக் கிணறுதான் கவலை. பருவமழை ஏமாற்றிவிட்டது. புகையிலை இடுப்பளவு நிற்கிறது, கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ஆட்களை வைத்துக் கிணற்றின் அடியில் இன்னொரு குழி வெட்ட ஆரம்பித்தார். வேட்டு வைத்து உடைத்ததில் பக்கவாட்டில் ஒரு விரிசல் திறந்து ஈரமும் கசிந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினால் ஊற்று. அந்தச் சமயத்தில்தான் கரட்டின் மேல் புகை கண்டது. கிணற்று ஆட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை உட்கார வைத்தவன் பாவாயியின் தம்பி மாரப்பன்.

மாரப்பன் சுமத்ராவில் புகையிலைத் தோட்டத்தில் வண்டி ஓட்டியவன். அந்தத் தோட்டத்துக்கு மேலே ஒரு எரிமலை இருந்தது. திரும்பி வந்து ஓராண்டு ஆகவில்லை. மெலிந்த உடம்பு, தணிந்த பேச்சு. தோளில் எப்போதும் ஈரத் துண்டு ஒன்று கிடக்கும். மலை வெடித்தால் மூக்கில் கட்டிக்கொள்ளவாம். காய்ந்தால் போய் நனைத்துக்கொண்டு வருவான். ஊரில் அதைச் சொல்லியே சிரித்தார்கள். கவுண்டர் என் எதிரிலேயே, "மாப்ள, துண்டு காயுது பாரு, மலை வெடிச்சிரப் போகுது" என்றார்.

எரிமலை எப்படி இருக்கும் என்று மாரப்பனிடம் கேட்டேன். அவன் முதலில் நல்லதைத்தான் சொன்னான்.

"சாம்பலு உழுந்தா அந்த வருசம் ஒண்ணும் மிஞ்சாதுங்க. கூரை உழுந்துரும், மாடு செத்துரும், தண்ணி குடிக்க ஆகாது. ஆனா ரெண்டு மழை பேஞ்சு அது மண்ணோட கலந்துச்சுன்னா, பொகையில எல ஆனக் காதாட்டம் வருமுங்க. சுடுதண்ணி ஊத்து இருக்குது, குளிச்சாச் செரங்கு போயிரும். மேல கந்தகம் வெட்டுவாங்க. நானே வண்டியில ஏத்தியிருக்கறேன். அங்கத்த சனம் அந்த மலைய உட்டுப் போகாதுங்க. அது போட்ட சோத்தத் தின்னுக்கிட்டே அதுக்குப் பயந்துக்கிட்டு இருக்கும்."

"அப்ப இதும் வெடிக்கட்டும். எனக்கும் ஆனக் காதாட்டம் வரட்டும்" என்றார் கவுண்டர்.

மாரப்பன் சிரிக்கவில்லை. பிறகு கெட்டதைச் சொன்னான். மலைச்சரிவில் ஒரு பள்ளம். புல் பச்சையாக இருக்கும், பூச்சி சத்தம் இருக்காது. ஒரு நாள் கூட்டாளி ஒருவன் ஓடிப்போன மாட்டைப் பிடிக்க அதற்குள் இறங்கினான். உட்கார்ந்தான். படுத்தான். அவனைத் தூக்க இன்னொருவன் போனான், அவனும் படுத்தான். அவர்களைத் தூக்க மூன்றாமவன். மாரப்பன் காலில் முள் ஏறி நொண்டிக்கொண்டு வந்ததால் பின்தங்கிவிட்டான்.

"தீயும் இல்லீங்க, பொகையும் இல்லீங்க. காத்து அடிச்சுப் புல்லு அசையுது. மூணு பேரும் தூங்கற மாதிரி கெடக்கறாங்க. நான் மேல நின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருந்தேனுங்க. இந்தக் கரடும் கிணறும் ஒரே மூச்சு உடுதுங்க. அதுல ஆள எறக்காதீங்கன்னா மாமா கேக்க மாட்டேங்கறாரு."

"பயிரு வாடுது மாப்ள. இன்னும் நாலு நாள் போனா நான்தான் படுக்கணும்" என்றார் கவுண்டர்.

மறுநாள் விடியலில் கிணற்றடியில் பூசை. கன்னிமார் என்று வரிசையாக நட்ட கற்கள். கிணற்றுக்கு அவர்கள்தான் காவல். ஆள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் வேலை முடியும்வரை காலையில் ஒரு அகல்விளக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக் குழிக்குள் இறக்குவார்கள். எரிந்தால் கன்னிமார் உத்தரவு. அணைந்தால் அன்று வேலை இல்லை. உத்தரவு கிடைத்தபின் அன்று மறுபடி விளக்கு இறக்கக் கூடாது. கொடுத்த வாக்கைச் சந்தேகப்பட்டதாக ஆகும். இது அந்தப் பக்கத்து வழக்கம்.

விளக்கு அடிவரை போய்ச் சுடர் நிமிர்ந்து எரிந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழியின் விளிம்பில் ஒரு கல்லின் மேல் சூடம் கொளுத்தி வைத்திருந்தார்கள். அதன் புகை மேலே எழவில்லை. விளிம்பைத் தாண்டி வளைந்து, குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கரும் புகை நூல் போல, அவசரமில்லாமல், உள்ளே போயிற்று.

பூசை முடிந்து மாரப்பனும் நானும் கரட்டில் ஏறினோம். பேராசிரியர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். புகை உண்மைதான். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆள் தோள் அகலத்தில் ஒரு பிளவு. அதிலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, என் தலைக்கு மேலே போய்க் கரைந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி அதில் நீட்டினார். உடனே வெளுத்தது. விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தண்ணீர்" என்றார். "மார்கழிக் குளிரில் உங்கள் வாயிலிருந்து வருகிறதே, அதே ஆவிதான். பாறைக்குள் காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது, வெளியே குளிர். வெதுவெதுப்பான காற்று மேலே ஏறுகிறது. இங்கே எரிமலை கிடையாது, இனி வரவும் வராது. இந்தப் பாறை ஒரு காலத்தில் உருகிக் கிடந்ததுதான். அந்தச் சூடு மனிதன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஆறிப்போய்விட்டது."

நான் மோந்து பார்த்தேன். ஈரக் கல்லின் வாசனை. கந்தகம் இல்லை. மாரப்பனும் மோந்து பார்த்தான். கந்தகம் இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டான்.

"இவ்வளவு காற்று வெளியே வருகிறதே, உள்ளே போவது எந்த வழியாக?" என்று பேராசிரியரைக் கேட்டேன்.

அவர் பிளவுக்குள் எட்டிப் பார்த்தார். "நல்ல கேள்வி. கீழே எங்கேயோ ஒரு வாய் இருக்க வேண்டும். எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதிக்கொள்ளுங்கள்."

கீழே வந்து ஊர்க்காரர்களிடம் விளக்கமாகப் பேசினார். புரியும்படி பேசினார், சரியாகவும் பேசினார். சனங்கள் முகம் தெளிந்தது. யாரோ, "சுமத்ராக்காரரே, இனித் துண்டக் காய வையுங்க" என்று கத்த, கூட்டம் சிரித்தது. பேராசிரியர் வண்டி ஏறிப் போனார். கவுண்டர் அன்றைக்கே ஆட்களை இறக்குவது என்று முடிவு செய்தார். காலையில் விளக்கு எரிந்தாயிற்றே. பழனி என்பவனும் அவன் கூட்டாளி ஒருவனும் சாப்பிட்டுவிட்டு இறங்கினார்கள்.

எனக்கு ஆசிரியரின் இரண்டாம் விதி மிச்சம் இருந்தது. வெயில் உறைக்கும் நேரத்தில் மறுபடி கரட்டில் ஏறினேன். பிளவில் ஆவி இல்லை. அதை எதிர்பார்த்தேன். ஆனால் பக்கத்தில் கிடந்த காய்ந்த ஊஞ்ச மரத்து இலை ஒன்று பாறைமேல் நகர்ந்தது. காற்றே இல்லை. அது பிளவை நோக்கிப் போய், விளிம்பில் ஒருமுறை நின்று, உள்ளே போய்விட்டது. இன்னொரு இலையை எடுத்து வைத்தேன். அதுவும் போயிற்று. காலையில் மூச்சு விட்ட மலை இப்போது மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

கீழே இறங்கும்போது கிணற்றிலிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. இரண்டு கடப்பாரை, மாற்றி மாற்றி. பாதி வழியில் ஒன்றுதான் கேட்டது. நான் தோட்டத்து வேலியைத் தாண்டியபோது அதுவும் நின்றது.

கிணற்றடிக்கு வந்தேன். என் கணுக்காலில் குளிர்ந்த காற்று பட்டது. வெயில் கொளுத்துகிற நேரம். அந்தக் காற்று கிணற்றிலிருந்து ஏறிப் படிக்கட்டு வழியாக வந்துகொண்டிருந்தது. அதே ஈரக் கல் வாசனை. கூட்டாளி தலையைப் பிடித்துக்கொண்டு படியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பழனி மேலே வரவில்லை. கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

கவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். மாரப்பன் படியில் குறுக்கே நின்று இரு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டான்.

"நகுருடா."

"போகாதீங்க மாமா."

"ஏண்டா, என்ற கண்ணு முன்னால ஒருத்தன் சாகறதாடா?"

"போனா நீங்களும் படுப்பீங்க. உங்களத் தூக்க இன்னொருத்தர் வருவாரு."

கவுண்டர் அவனை அறைந்தார். கையை மடக்கி இன்னொருமுறை அடித்தார். உதடு கிழிந்தது. அவன் கையை எடுக்கவில்லை. "வெளக்கு எறக்குங்க. எரிஞ்சா நான் போறேன்" என்று மட்டும் சொன்னான். கூட்டத்தில் முணுமுணுப்பு. ரெண்டாவது விளக்கா? கன்னிமாருக்கு ஆகாது. ஊருக்கே ஆகாது.

பாவாயி வீட்டுக்குள் போய் எரிகிற விளக்கோடு வந்தார். "கன்னிமாரும் பொம்பளைங்கதான். நான் பேசிக்கறேன், தள்ளுங்க" என்றார்.

அந்த விளக்கை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். குழியின் வாய்வரை நன்றாக எரிந்தது. அதற்குக் கீழே போனதும் சுடர் நடுங்கவில்லை, சாயவில்லை. திரியை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பி, தனியாக நின்றது. பிறகு இல்லை. காற்றில் அணையும் விளக்கு அப்படி அணையாது.

அதற்குப் பிறகு யாரும் மாரப்பனைத் தள்ளவில்லை. அவன் சொன்னதைச் செய்தார்கள். கவலை என்பது மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்றம். மாடுகள் சரிவில் இறங்கினால் கயிறு, சால் என்னும் தண்ணீர்ப் பாத்திரத்தை மேலே தூக்கும். பின்னால் ஏறினால் சால் கீழே போகும். அந்தப் பாத்திரத்தை அவிழ்த்துவிட்டுக் கயிற்றில் வேப்பங்கிளைகளைக் கத்தையாகக் கட்டினார்கள். மாடுகளை ஓட்ட ஓட்ட, அந்தத் தழைக் கத்தை குழிக்குள் இறங்கி ஏறி, தேங்கிய காற்றைக் கலக்கி வெளியே இழுத்தது. கூடவே மேலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டும் என்றான். தண்ணீர் எங்கே இருக்கிறது? தொட்டியில், மறுநாள் புகையிலைக்குப் பாய்ச்ச வைத்திருந்தது. எல்லோரும் கவுண்டரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் முதல் குடத்தை மொண்டு கிணற்றுக்குள் கவிழ்த்தார்.

பாவாயி விளக்கை இறக்குவார். அணையும். இழுத்து, ஏற்றி, மறுபடி இறக்குவார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழே போய் அணைந்தது. மாடு ஓட்டுகிறவனின் "போ, போ" மட்டும் கேட்டது. தொட்டியின் அடிமண் தெரிந்தபோது, விளக்கு குழியின் அடியைத் தொட்டும் எரிந்தது. மங்கலாக எரிந்தது. மாரப்பன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஈரத் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு இறங்கினான். பழனியைக் கட்டி மேலே அனுப்பிவிட்டுத்தான் அவன் வந்தான்.

பழனி பிழைத்தான். மூச்சு சீராக வெகு நேரம் ஆயிற்று. கண் விழித்ததும் அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்: "சொகமாத் தூக்கம் வந்துச்சுங்க. பக்கத்துல யாரோ உக்காந்து விசிறிக்கிட்டு இருந்தாங்க. அவங்க யாருன்னு பாக்கலாம்னு திரும்புனேன், அவ்வளவுதானுங்க."

மறுநாள் விடியலில் கிளம்புவதற்கு முன் கிணற்றடிக்குப் போனேன். காலை விளக்கு குழியின் அடியில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கன்னிமார் கல்லிலிருந்து விழுந்த பூவிதழ்கள் விளிம்பில் ஒவ்வொன்றாக நகர்ந்து உள்ளே போயின. கரட்டின் மேல் வெள்ளையாக ஆவி கிளம்பியிருந்தது.

சேலத்தில் ஆசிரியர் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் திறக்கவே இல்லை. விளக்கு அணைந்ததைச் சொன்னபோது மட்டும், "சுடர் எந்தப் பக்கம் சாஞ்சுது?" என்றார். "சாயவில்லை" என்றேன். மூன்று துண்டும் எழுதிக் கொடுத்தேன். காலையில் வெளியே குளிர். உள்காற்று மேலே ஏறி மலையுச்சியில் வெளிவருகிறது, கிணறு நல்ல காற்றை இழுத்துக்கொள்கிறது, விளக்கு எரிகிறது. வெயில் ஏறினால் வெளியே சூடு. உள்ளே இருக்கும் குளிர்ந்த கெட்ட காற்று கனத்துக் கீழே இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது, கெட்டது குழியில் தேங்க மிச்சக் காற்று படி வழியாக மேலே வழிகிறது. வேட்டு வைத்துத் திறந்த விரிசல்தான் அந்தக் கீழ் வாய் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த விரிசலுக்குள் போய் நான் பார்க்கவில்லை. ஆகவே அது மூன்றாம் துண்டில் இருந்தது.

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். கிணற்றை முதலில் ஒட்டினார், எரிமலையை அடுத்து. காலை விளக்கை மட்டும் நம்பி உச்சிக்குப் பின் ஆள் இறக்காதீர்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். "எரிமலைன்னு மேல போட்டாத்தான் விக்கும்" என்றார் அச்சகத்துக்காரர். "கிணறு எல்லார் தோட்டத்துலயும் இருக்குதய்யா" என்றார் ஆசிரியர், குரலை இன்னும் தணித்து.

அந்த ஆண்டு கவுண்டரின் புகையிலையில் பாதி கருகியது. விடியலில் மட்டும் வெட்டி, மெதுவாக ஊற்றைத் தொட்டார்கள். பின்னால் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது உச்சி வேளையில் கிணற்றில் விளக்கு இறங்குவதைப் பார்த்தேன். கன்னிமாருக்கு ரெண்டு விளக்கு வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம் என்றார், என்னை அடையாளம் தெரியாத ஒருவர்.

மாரப்பன் அங்கே இல்லை. அந்த மார்கழி முடிவதற்குள்ளேயே அவன் நாகப்பட்டினத்துக்குப் போய்க் கப்பல் ஏறிவிட்டான். போகும் வழியில் அம்மாபேட்டைக்கு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டான். உதட்டில் தழும்பு இருந்தது, தோளில் துண்டும். அவன் ஊரில் இப்போது அவனை யாரும் கேலி செய்வதில்லை, அக்காளும் மாமாவும் காலைப் பிடித்துக் கெஞ்சினார்கள் என்று தெரியும். அந்த எரிமலையின் அடிவாரத்துக்கே திரும்பிப் போக வேண்டுமா என்று கேட்டேன்.

"அந்த மலை பொகையுமுங்க, உறுமுமுங்க, ராத்திரியில செவந்து நிக்குமுங்க" என்றான். "அந்தப் பள்ளத்துலகூடப் பூச்சி கத்தாதுங்க. எல்லாஞ் சொல்லிட்டுத்தான் கொல்லும். நம்மூருக் கிணறு ஒண்ணுமே சொல்லலீங்களே."